கேள்வி நேரம்: வால்வு வெச்சா பாட்டு இதமாகுமுங்களா?

வீட்டு ஸ்டீரியோவுல வயலின் சத்தம் காதைக் குத்துதுங்க. நடுவுல ஒரு வால்வு ப்ரீஆம்ப் (பழைய ரேடியோவுல இருக்கற கண்ணாடிக் குழல் வெச்ச, ஆம்புக்கு முந்தின பெருக்கி) போட்டா செரியாயிருமுங்களா? 12 வோல்ட் அடாப்டர்ல ஓடற மாதிரி ஒண்ணு மலிவாக் கிடைக்குது. எதைப் பார்த்து வாங்கோணும்? – வாசகர், பல்லடம்

காசு செலவழிக்கும் முன், நீங்கள் உட்கார்ந்து கேட்கும் இடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டி முடிந்த பிறகும் தகரத்தைத் தட்டியதுபோல ஓர் ஒலி இழுத்தால், குத்துவது டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும்தான். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். அறையின் எதிரொலியை எந்த வால்வாலும் சரிசெய்ய முடியாது.

அதன் பிறகும் இதம் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம். வால்வு சேர்ப்பது பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக். 440 ஹெர்ட்ஸ் சுரம் வந்தால் கூடவே 880 மெலிசாகச் சேரும். கீழ் சட்ஜமத்தோடு மேல் சட்ஜமம் சேர்வது போலத்தான். அதனால் காது அதைப் பிசிறாக எடுக்காமல் நிறைவாக எடுத்துக்கொள்கிறது.

அந்த மலிவுப் பெட்டி எங்களுக்குச் சம்மதமில்லை. 12ஏயூ7 போன்ற வால்வு ஒழுங்காக வேலை செய்ய, அதன் பிளேட்டில் (உள்ளே இருக்கும் உலோகத் தகட்டில்) 150 முதல் 250 வோல்ட் வேண்டும். அடாப்டரின் 12 வோல்ட்டை உள்ளே உயர்த்தும் சுற்று இல்லாவிட்டால், வேலையெல்லாம் ஐ.சி. (சில்லு) செய்யும், வால்வு அலங்காரத்துக்கு நிற்கும். சுவிட்ச் போட்ட நொடியே வால்வின் அடியிலிருந்து ஆரஞ்சு வெளிச்சம் நிலையாக அடித்தால் அது எல்.இ.டி. நிஜ இழை மெல்ல மெல்லச் சிவக்கும், பத்துப் பதினைந்து நொடி பிடிக்கும்.

அடுத்து பெருக்கம். டி.வி.டி. பிளேயர், டேக் (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) போன்றவை ஏற்கெனவே 2 வோல்ட் வரை தருகின்றன. 12ஏஎக்ஸ்7 என்ற இன்னொரு ரக வால்வு அதை ஐம்பது மடங்குக்கு மேல் தூக்கப் பார்க்கும். அப்புறம் வால்யூமைத் துளி திருப்பினாலே வீடு அதிரும். அந்த ஆரம்பத் திருப்பத்தில் இடது, வலது சமமாகவும் வராது. உங்களுக்கு 12ஏயூ7 போதும்.

பலரும் கவனிக்காதது அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது சிக்னல் வெளியேறும் இடத்து மின்தடுப்பு. அது 1 கிலோ ஓமுக்குள் இருக்கட்டும். உங்கள் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் அதைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். கேத்தோடு ஃபாலோயர் (அவுட்புட் இம்பீடன்ஸைக் குறைக்கும் வால்வுச் சுற்று) உள்ள வடிவமைப்பில் இது எளிது. அவுட்புட் கெபாசிட்டரையும் கேளுங்கள். ஆம்ப் இன்புட் 10 கிலோ ஓமாக இருந்து, கெபாசிட்டர் 0.47 மைக்ரோஃபேரட் என்றால் 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கி, பேஸ் மெலிந்துவிடும். 2.2 மைக்ரோ போட்டால் அந்த எல்லை 7 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும்.

ஆம்பில் ஆக்ஸ் அல்லது சி.டி. இன்புட்டில் இணையுங்கள், ஃபோனோவில் (ரெக்கார்டு பிளேயருக்கான இன்புட்) வேண்டாம். முதலில் ப்ரீஆம்ப், ஒரு நிமிடம் கழித்து ஆம்ப். நிறுத்தும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் பிளேட் வோல்டேஜ் ஏறி இறங்கும் உதை ஸ்பீக்கர் கூம்பில் 'தொம்' என்று விழும்.

பக்கத்துல தறி ஓடறப்ப கரண்ட் 190 வோல்ட்டுக்கு எறங்கிருதுங்க. வால்வுக்கு ஆகுமுங்களா? – வாசகர், சோமனூர்

ஆகாதுங்க. ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் இழைக்கு) 6.3 வோல்ட், பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 5.7 முதல் 6.9 வரை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராக எடுத்தால் 190-இல் 5.2 தான் கிடைக்கும். கேத்தோடு (எலக்ட்ரானை வெளிவிடும் பகுதி) போதுமான சூடேறாமல் வால்வு நாளடைவில் பலமிழக்கும். ஹீட்டருக்கு ரெகுலேட்டட் டி.சி. கொடுக்கும் மாடல் பாருங்கள், ஹம் என்ற 'ஊம்' இரைச்சலும் குறையும். இல்லையென்றால் ஸ்டெபிலைசர் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரீஆம்ப் மாட்டுனதுல இருந்து 'ஊம்'னு இரையுதுங்க. – வாசகர், பெருந்துறை

ப்ரீஆம்புக்கு வரும் இன்புட் வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி இரைச்சலைத் தருகின்றன. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். நிற்காமல் ஒரு பக்கம் மட்டும் இரைந்தால், அணைத்து, ஆறவிட்டு, இரு பக்கமும் ஒரே ரக வால்வுதானா என்று பார்த்து இடம் மாற்றுங்கள். இரைச்சலும் இடம் மாறினால் பழுது வால்வில். மூடியைக் கழற்ற வேண்டி வந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் 250 வோல்ட் நிற்கும். காப்பிட்ட கம்பியில் கோத்த 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் இரு முனைகளிலும் சில நொடி வைத்து, மீட்டரில் சுழியைப் பார்த்த பிறகு கை வையுங்கள்.