சர்ச்சில் தோற்ற 1945 தேர்தல்: கேள்வி பதில்

சார், ஹிட்லரை வென்ற பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலை இரண்டே மாதத்தில் மக்கள் எப்படி வீட்டுக்கு அனுப்பினார்கள்?

சர்ச்சில் மேல் இருந்த மரியாதை போகவில்லை. ஆனால் போர் முடிந்தபின் வேலை, வீடு, வைத்தியம் இதெல்லாம் கிடைக்குமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. முப்பதுகளில் வேலையில்லாமல் அலைந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த ஆட்சிகளில் பெரும்பங்கு சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு. 1942 டிசம்பரில் வந்த பெவரிட்ஜ் அறிக்கை, எல்லோருக்கும் சமூகக் காப்பீடு வேண்டும் என்றது. ஒரு அரசாங்க அறிக்கையை ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள் என்றால் பாருங்கள்! எதிர்த்து நின்ற லேபர் கட்சி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சர்ச்சில் பிடிகொடுக்காமல் பேசினார்.

வானொலிப் பேச்சுதான் அவரைக் கவிழ்த்தது என்கிறார்களே?

அது மட்டுமே காரணமில்லை. ஆனால் நன்றாகவே கெடுத்தது. சோஷலிஸ்டுகள், அதாவது லேபர்காரர்கள், ஆட்சி நடத்த வேண்டுமானால் ஏதாவது ஒரு கெஸ்டபோ (ஹிட்லரின் ரகசியப் போலீஸ்) தேவைப்படும் என்று ஜூன் 4 அன்று பேசினார். யாரைப் பற்றி? போர் முழுக்கத் தன் அமைச்சரவையில் தோளோடு தோள் நின்ற லேபர் தலைவர் அட்லியையும் அதே கட்சியின் பெவினையும் பற்றி. மறுநாள் அட்லி குரலை உயர்த்தவே இல்லை. போர்த் தலைவர் சர்ச்சில் வேறு, கட்சித் தலைவர் சர்ச்சில் வேறு என்று நமக்குக் காட்டத்தான் அவர் இப்படிப் பேசியிருக்கிறார் என்றார். தேர்தல் மேடையில் இவ்வளவு நாகரிகமான பதிலடி அபூர்வம்.

ஜூலை 5 வாக்குப்பதிவு, 26ஆம் தேதி எண்ணிக்கை. ஏன் இவ்வளவு தாமதம்?

வெளிநாடுகளில் இருந்த படைவீரர்களின் ஓட்டுகள் வந்து சேர வேண்டுமே. அதுவரை பெட்டிகள் சீல் வைத்தபடி கிடந்தன. நடுவில் சோவியத் தலைவர் ஸ்டாலின், அமெரிக்க அதிபர் ட்ரூமனோடு ஜெர்மனியில் போட்ஸ்டாம் மாநாடு. சர்ச்சில் அட்லியையும் கூட்டிக்கொண்டு போனார். முடிவு தெரிய இருவரும் லண்டன் திரும்பினார்கள். மறுபடி மாநாட்டுக்குப் பிரதமராகப் போனவர் அட்லி.

யாருக்கு எத்தனை இடம்?

லேபருக்கு 393. கன்சர்வேட்டிவும் தோழமைக் கட்சிகளும் 200 சொச்சம்.

சர்ச்சில் தன் தொகுதியிலும் தோற்றாரா அண்ணா?

இல்லை தம்பி. வுட்ஃபோர்டில் லேபரும் லிபரலும் ஆளே நிறுத்தவில்லை. அப்படியும் எதிர்த்து நின்ற ஒரே சுயேச்சைக்கு 10,000க்கு மேல் ஓட்டு விழுந்தது.

சர்ச்சில் ஜெயித்திருந்தால் இந்தியாவுக்கு 1947இல் சுதந்திரம் கிடைத்திருக்குமா?

தள்ளிப்போயிருக்கும் என்றே நினைக்கிறேன். அவருக்கு மனமில்லை. ஆனால் கஜானா காலி, 1946 பிப்ரவரியில் பம்பாயில் இந்தியக் கடற்படையே கிளர்ந்தெழுந்துவிட்டது; அவராலும் ரொம்ப நாள் பிடித்து வைத்திருக்க முடியாது. அட்லி காலம் தாழ்த்தவில்லை, அந்தப் பெருமை அவருக்கு உண்டு. அதற்காக நம் மக்கள் சிறையிலும் தெருவிலும் பட்ட பாட்டை அவர் கணக்கில் எழுதிவிடக் கூடாது.