காரத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் அமிலம் குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 52. அடிக்கடி நெஞ்செரிச்சல், எந்நேரமும் அசதி. உறவினர் ஒருவர் எங்கள் குடிநீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டார், மஞ்சளானது. அவர் கொண்டுவந்த தண்ணீரில் விட்டதும் ஊதாவானது. "உங்கள் ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, இந்தக் காரத் தண்ணீர்தான் சரிசெய்யும்" என்கிறார். இயந்திரம் ஒன்றரை லட்சம் ரூபாய். நகையை அடகு வைத்து வாங்கலாமா, டாக்டர்?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். அந்தச் சொட்டு மருந்து காட்டியது தண்ணீரின் தன்மையை. உங்கள் ரத்தத்தை யாரும் தொடவே இல்லையே!

அமில, கார அளவை பி.ஹெச். என்ற எண்ணால் சொல்வோம். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில், அதாவது லேசான காரமாகவே இருக்கிறது. நீங்கள் குடிக்கும் தண்ணீரோ முதலில் போய் விழுவது இரைப்பையில். அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெறும் வயிற்றில் பி.ஹெச். 1.5 முதல் 3.5 வரை. காரத் தண்ணீரின் காரம் அங்கேயே அடங்கிவிடும். குறைந்த அமிலத்தை இரைப்பை மறுபடி சுரந்துகொள்ளும்.

உடம்பு ஓயாமல் அமிலம் உண்டாக்குகிறது என்பது என்னவோ உண்மை. சோற்றின் மாவுச்சத்தைச் செல்கள் எரிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அது ரத்தத்து நீரில் கரைந்தால் கார்போனிக் அமிலம். இதைத் தாங்கிப் பிடிக்க ரத்தத்தில் பைகார்பனேட் இருக்கிறது (உங்கள் சமையலறை ஆப்ப சோடாவில் இருப்பதும் அதுதான்). பிறகு நுரையீரல் அந்த வாயுவை வெளியே ஊதிவிடுகிறது. மூச்சை அடக்கிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் ஒரு தவிப்பு வரும். ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் அல்ல; கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து அமிலம் ஏறுவதை மூளை கண்டுகொள்வதால்தான் பெரும்பாலும் அந்தத் தவிப்பு.

முட்டை, மீன், பருப்பிலுள்ள புரதம் சிதையும்போது வரும் அமிலத்தை இப்படி ஊதித் தள்ள முடியாது. அது சிறுநீரகத்தின் பொறுப்பு. முதுகுப் பக்கம், விலா எலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டி இருக்கும் இந்த இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதிலுள்ள பைகார்பனேட்டை ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அமிலத்தைச் சிறுநீரில் தள்ளுகின்றன. அதனால்தான் சிறுநீரின் பி.ஹெச். 4.5-லிருந்து 8 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்த முறை உறவினர் சிறுநீரில் நனைத்து பி.ஹெச். பார்க்கும் காகிதப் பட்டையைக் காட்டிப் பயமுறுத்தினால், "சிறுநீரகம் வேலை செய்கிறது, சந்தோஷம்" என்று சொல்லுங்கள்.

ரத்தத்தில் நிஜமாகவே அமிலம் ஏறும் நோயாளிகள் உண்டு. கட்டுமீறிய சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, கடுமையான வயிற்றுப்போக்கு போன்றவற்றில் அது நேரும். ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு மருத்துவமனையில் இருப்பார்கள். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துத்தான் அதை உறுதிசெய்வோம்.

சரி, உங்கள் நெஞ்செரிச்சல்? உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் தளர்ந்தால் அமிலம் மேலேறும். இருக்க வேண்டிய இடம் மாறியதுதான் கோளாறு. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்துங்கள். எடை கூடியிருந்தால் குறையுங்கள். ஆனால் மாடி ஏறும்போது எரிச்சல் வந்தாலோ, வியர்வையோடு நெஞ்சை அழுத்தினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் எண்டோஸ்கோப்பி தேவைப்படும்.

அசதிக்கு ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். இத்தனைக்கும் ஆகும் செலவு அந்த இயந்திரத்தின் விலையில் ஒரு மூலைக்குக் காணாது.