நெறி கட்டுவது ஏன்?

அன்புள்ள ஐயா,

வீட்டில் யாருக்குச் சளி வந்தாலும் அடுத்து எனக்குத்தான். பக்கத்திலேயே படுக்கிற அக்காவுக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்த முறை காய்ச்சலோடு தாடைக்குக் கீழே நெறியும் கட்டிவிட்டது. எனக்கு எதிர்ப்பு சக்தியே கிடையாது என்கிறார்கள். அதை ஏற்றிக்கொள்ள வழி உண்டா?

ச.

அன்புள்ள ச.,

எதிர்ப்பு சக்தி கிடையாது என்பதற்குக் காய்ச்சலையும் நெறியையும் சாட்சி சொல்கிறீர்கள். அது வேலை செய்வதால்தான் இரண்டும் வந்தன.

விரலில் சிலாம்பு ஏறினால் கவனித்திருப்பீர்கள். அந்த இடம் சிவந்து, சூடாகி, விண்விண்ணென்று தெறிக்கும். ரத்தக்குழாய் விரிந்து இளக, அதன் சுவர் வழியே வெள்ளணுக்கள் வெளியே வருகின்றன. சீழில் பெரும்பகுதி, கிருமியை விழுங்கிவிட்டுச் செத்த வெள்ளணுக்களே. 1882இல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய உயிரியலாளர் கண்ணாடிபோல் தெளிந்த நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவிட்டு மறுநாள் பார்த்தார். நகரும் உயிரணுக்கள் முள்ளை மொய்த்துக்கொண்டிருந்தன. 1908இல் நோபல் பரிசு பெற்ற மனிதரின் ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்க்கும் காட்சி அது.

நெறிக்கு வருவோம். அது நிணநீர்க் கணு, உடலின் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சு. தொண்டையில் சிக்கிய வைரஸின் துணுக்குகள் அங்கே வந்து சேரும். கணுவுக்குள் இருக்கும் எண்ணற்ற வெள்ளணுக்களில் அந்த வைரஸுக்குப் பொருந்துவது வெகுசிலதான். பொருந்தியது பல நாட்கள் பிளந்து பிளந்து பெருகும். நீங்கள் தடவிப் பார்த்த வீக்கம் அந்தப் பெருக்கம். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடிந்துவிடும். சில நினைவோடு தங்கும். எவ்வளவு காலம்? வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் 1781க்குப் பிறகு 1846இல்தான் மறுபடி தட்டம்மை வந்தது. தீவே படுத்துவிட்டது. ஆனால் 1781இல் கண்டு பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்கும் வரவில்லை என்று அங்கே சென்ற மருத்துவர் பானும் எழுதினார். இடையே 65 வருடம்!

சளி அப்படி விடுவதில்லை. சளியைப் பெரும்பாலும் உண்டாக்கும் ரைனோவைரஸில் மட்டும் 150க்கும் மேற்பட்ட வகைகள். ஒன்றின் நினைவு இன்னொன்றுக்கு அவ்வளவாக உதவாது. பெரியவர்களுக்கு வருடத்துக்கு 2, 3 முறை பிடிப்பது சாதாரணம். உங்கள் அக்கா இந்த வகையை முன்பே சந்தித்திருக்கலாம். தொற்றியும் வெளியே தெரியாமல் போயிருக்கலாம்.

தூக்கத்தையும் பாருங்கள். 2015இல் வெளியான ஆய்வொன்றில் 164 பேருக்கு மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு. அடைத்த அறையில் இருமுகிறவரோடு வெகுநேரம் இருந்தால் உள்ளே போகும் வைரஸும் கூடும்; ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை, மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களைக் கெடுக்கும். கட்டுப்படாத சர்க்கரை வெள்ளணுக்களை மந்தமாக்கும்.

'ஏற்றுவது' என்ற பேச்சே எனக்குப் பிடிப்பதில்லை. கட்டு மீறினால் அதே சக்தி சொந்த மூட்டுகளையே தாக்கி முடக்குவாதமாகும். தடுப்பூசி செய்வது வேறு: குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காட்டுகிறது. தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள், எதிர்ப்பு சக்தியை ஏற்றும் என்று விற்கும் பொடிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நெறி 3, 4 வாரமாகியும் கரையாவிட்டாலோ, வலியே இல்லாமல் கல்லுபோல் இறுகி வளர்ந்தாலோ, எடை குறைந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நிமோனியா அடிக்கடி வந்தாலும் அப்படித்தான். இப்போதைக்கு நெறியை அழுத்தி அழுத்திப் பார்க்காமல் விடுங்கள்.