மின்னூலுக்கு மாறலாமா? கருவியை விடுங்கள், முதலில் கோப்பைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 61. தினமும் இரண்டு மணி நேரமாவது படிப்பேன். வீட்டில் இனி புத்தகம் வைக்க இடமில்லை. பழைய பதிப்புகளின் பொடி எழுத்தும் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. மொபைலில் படித்துப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் கண் எரிகிறது. மகள் டேப்லெட் வாங்கித் தருகிறேன் என்கிறாள். நண்பர் கிண்டில்தான் நல்லது என்கிறார். கணினியில் தமிழ் பிடிஎஃப்கள் நிறையச் சேர்த்தும் வைத்திருக்கிறேன். எதை வாங்குவது? இப்படிப் படித்தால் மனதில் நிற்குமா?

பதில்: போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த பிடிஎஃப்களில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. மகள் சொல்வது சரியா, நண்பர் சொல்வது சரியா என்பதை அவை தீர்மானிக்கும்.

மின்னூல் கோப்புகளில் இரண்டு வகை உண்டு. ஈபப் போன்றவற்றில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கி, திரைக்கு ஏற்றபடி புதிதாக அமையும். பிடிஎஃப் அப்படியல்ல, அச்சுப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்து நிற்கும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., கிண்டில் போல மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவியான ரீடரில், ஆறு அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 9 செ.மீ. தாளில் 12 பாயின்ட்டில் இருக்கும் எழுத்து அந்தத் திரையில் 5 பாயின்ட் அளவுக்குச் சுருங்கிவிடும். பெரிதாக்கினாலோ ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை வலமும் இடமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம் தாக்குப்பிடிக்கலாம், ஒரு நாவலை அப்படிப் படிக்க முடியாது.

ஆகவே காசைச் செலவழிக்கும் முன் ஒரு சின்ன சோதனை. உங்கள் பிடிஎஃப்களில் பத்துப் பதினைந்தைத் திறந்து, ஏதாவது ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வரி பிடிபடவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம்; பெரும்பாலான கருவிகளால் அதன் எழுத்தைத் தனியே பெரிதாக்க முடியாது. பிடிபட்டால் அதை நகலெடுத்து வெற்றுக் கோப்பு ஒன்றில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையில் தட்டச்சு செய்தது, கவலையில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். காலிபர் என்ற இலவச மென்பொருள் யூனிகோட் பிடிஎஃப்பை ஈபப் ஆக்கித் தரும். ஆனால் அச்சுப் பக்கத்தின் தலைப்பில் இருந்த நூற்பெயரும் பக்க எண்ணும் பத்தியின் நடுவே வந்து விழும், வரிகள் பாதியில் முறியும். அந்தத் துப்புரவு வேலையில் இறங்கும் முன், அதே நூல் வேறு எங்காவது எழுத்து வடிவில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பழந்தமிழ் நூல்கள் யூனிகோடில் இருக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் ஈபப்பும் தருகிறது, ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பும் தருகிறது.

சோதனையில் பெரும்பாலானவை ஸ்கேன் என்று தெரிந்தால் மகள் பக்கம்தான் நியாயம்: பத்து அங்குலமோ அதற்கு மேலோ உள்ள டேப்லெட். இனிமேல் வாங்கிப் படிக்கப்போகும் நாவல், கட்டுரைதான் அதிகம் என்றால் நண்பர் சொல்வதுபோல் ஆறு, ஏழு அங்குல இ-இங்க் (தாள் போலத் தோன்றும் திரை) ரீடர். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று தேடி நடுத்தரமான டேப்லெட்டை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதில் வீடியோதான் பார்க்கிறார்கள்.

கண் எரிச்சல் பற்றி. இ-இங்க் திரைக்குள் கறுப்பும் வெள்ளையுமாக மின்னேற்றம் பெற்ற நுண்துகள்கள் இருக்கின்றன. மின்புலம் அவற்றை மேலும் கீழும் நகர்த்தி எழுத்தை உருவாக்குகிறது. பக்கம் புரளும்போது மட்டுமே அதற்கு மின்சாரம் தேவை, அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. அறை வெளிச்சம் தாளில் பட்டுத் திரும்புவதுபோலவே இதிலும் திரும்புகிறது. இருட்டில் படிக்க உள்ள விளக்கும் விளிம்பிலிருந்து திரைமேல் படருமே தவிர, கண்ணை நோக்கி அடிக்காது. கண்ணுக்கு இது இதமாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் மொத்தப் பழியையும் மொபைல் திரைமீது போட்டுவிட வேண்டாம். திரையை உற்றுப் பார்க்கையில் நாம் கண் சிமிட்டுவது குறைகிறது, கண் உலர்கிறது. மொபைலைப் புத்தகத்தைவிடக் கிட்டத்தில் வேறு பிடிக்கிறோம். உங்கள் வயதில் முதல் வேலை கண் பரிசோதனை. கருவியை எவ்வளவு தூரத்தில் பிடிப்பீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லி, அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி போடுங்கள். டேப்லெட்தான் என்று முடிவானால் படுக்கையில் அதை முழு வெளிச்சத்தில் வைத்துப் படிக்காதீர்கள். தூங்கும் முன் ஒளிரும் திரையில் படித்தால் தூக்கம் வரத் தாமதமாகிறது என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தமிழ் வாசகர் கட்டாயம் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. வாங்கும் முன் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சில கருவிகளில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் பிரிந்து, நடுவே புள்ளிவட்டம் தெரியும். அப்படி இருந்தால் வேண்டாம். வாங்கிய பிறகு செட்டிங்ஸில் வரிகளை இருபுறமும் சமன் செய்யும் வசதியை அணைத்து, இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கும்படி வையுங்கள். தமிழில் சொற்கள் நீளம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு மூன்று நான்கு சொற்களே நிற்கும். அவற்றை இழுத்துச் சமன் செய்தால் இடையில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். 'கண்ணுக்குப் பழகவில்லை' என்று கருவியை மூலையில் போட்டவர்களில் பலருக்கு உண்மையான தொல்லை இதுதான் என்பது என் கணிப்பு.

மனதில் நிற்குமா? 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஓர் அலசலில், தகவல் சார்ந்த உரைகளைப் படிக்கும்போது, அதிலும் நேர நெருக்கடி இருக்கும்போது, அச்சில் படித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெரியவில்லை. 2019-இல் வந்த இன்னோர் ஆய்வில் 50 பேருக்கு நீண்ட மர்மக் கதை ஒன்றைக் கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு அச்சில், பாதிப் பேருக்குக் கிண்டிலில். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமம். எந்த நிகழ்ச்சிக்குப் பின் எது நடந்தது என்று வரிசைப்படுத்துவதில் மட்டும் அச்சில் படித்தவர்கள் முந்தினார்கள். இடது கையில் எவ்வளவு தாள், வலது கையில் எவ்வளவு தாள் என்பதும் நினைவுக்கு ஒரு பிடிமானம்தான் போலிருக்கிறது. நாவலோடு தொடங்குங்கள். அடிக்கடி முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கும் இலக்கணம், உரை, அகராதி எல்லாம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

கடையில் வாங்கும் மின்னூல் பெரும்பாலும் உங்கள் சொத்து ஆவதில்லை. படிக்க அனுமதி மட்டுமே கிடைக்கிறது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் அங்கே வாங்கிய புத்தகங்கள் திறக்காமல் போயின. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாத ஈபப்பாகக் கிடைப்பதைத் தனியே ஒரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். கிண்டில் வாங்கினால், ஈபப்பை கேபிள் வழியாக ஏற்றினால் திறக்காது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' வழியாக அனுப்ப வேண்டும். நீங்கள் கோடிட்ட வரிகள் அதே கிண்டிலில் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேர்ந்துகொண்டே வரும். அந்தக் கோப்பை எடுக்க கேபிளே போதும்.