அங்கே போய்க் கையெழுத்து போட்டுக்கொள்ளலாம் என்றால்...

கேள்வி: ராணுவத்தில் 17 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் பண்ருட்டி. வெளிநாட்டில் துப்பாக்கியோடு செக்யூரிட்டி வேலை, மாதம் இரண்டு லட்சம் என்கிறார் புதுச்சேரி ஏஜென்ட் ஒருவர். ஒப்பந்தம் அங்கே போய்த்தானாம். "அந்தக் கால சொல்தா வேலை மாதிரிதான் சார்" என்கிறார். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன், பணம் தரவில்லை. நான் கூலிப்படை ஆகிவிடுவேனா?

பதில்: சொல்தா கதையை முதலில் ஓரம் கட்டுங்கள். சொல்தாக்கள் என்பவர்கள் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு ராணுவத்தில் முறையாகச் சேர்ந்து, அரசு பென்ஷன் வாங்கியவர்கள். உங்களுக்குச் சம்பளம் தரப்போவது யார் என்றே தெரியவில்லையே.

கூலிப்படை என்றால் நம் பேப்பர்களில் அரிவாள் ஆசாமிகள். சர்வதேசச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ரொம்பக் குறுகலானது. போர்க்கால விதிகளைச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 கூடுதல் நெறிமுறையில் 47-வது பிரிவு ஆறு நிபந்தனைகள் சொல்கிறது. ஆறும் பொருந்தினால்தான் கூலிப்படை. அப்படிப்பட்டவர் பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய உரிமை கேட்க முடியாது. போரிடும் நாட்டின் ராணுவத்திலேயே சேர்ந்துவிட்டவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார். உதவியாளர் வேலை என்று ரஷ்யாவுக்குப் போய்ப் போர்முனையில் நிறுத்தப்பட்ட நம் பையன்கள் அப்படித்தான். பெயர் கூலிப்படை இல்லை, குண்டு மட்டும் நிஜம். 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் போட்டது அவர்களை அனுப்பிய ஏஜென்ட்டுகள் மீது.

நம்மூர்ச் சட்டம் வேறு. இந்தியாவோடு சமாதானமாக இருக்கும் நாட்டு அரசை எதிர்த்துப் போரிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 153-வது பிரிவு ஆயுள் தண்டனை வரை போகும்.

சரி, வெறும் காவல் வேலைதான் என்றே வைத்துக்கொள்வோம். 2013 அக்டோபரில் தூத்துக்குடி அருகே பிடிபட்ட 'சீமேன் கார்டு ஓஹியோ' கப்பல் நினைவிருக்கிறதா? கடற்கொள்ளையைத் தடுக்கப் போன தனியார் காவலர்கள்; உங்களைப் போல முன்னாள் ராணுவத்தினரும் உண்டு. அனுமதியில்லாத ஆயுதம் என்று 2016-ல் ஐந்து வருடத் தண்டனை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்தது. நான்கு வருடம் போனது போனதுதான். துப்பாக்கி யார் பெயரில், எந்த நாட்டு உரிமத்தில் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் ஏஜென்ட். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அவருக்குப் பதிவுச் சான்று வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி, அவ்வளவுதான். டூரிஸ்ட் விசாவில் ஏற்றுகிறேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டை நாளைக்கே போய்த் திருப்பி வாங்குங்கள். அது மத்திய அரசின் சொத்து, பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. தர மறுத்தால் போலீசில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.