பணியில் விபத்தில் இறந்த காவலருக்கு எப்படி மரியாதை செய்கிறார்கள்?

வேலூர் பக்கம் நெடுஞ்சாலைப் பணியில் இருக்கும் காவலர் வாகனம் மோதி இறந்தால் என்ன மரியாதை கிடைக்கும், நாம் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொதுவாகக் காவல்துறை மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கும். அதிகாரிகள் மலர்வளையம் வைப்பார்கள். ஆயுதப்படைக் காவலர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தலைகுனிந்து நிற்பார்கள். அப்புறம் வானை நோக்கிச் சுடுவார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அந்தச் சத்தத்தில் வெடித்துவிடும்.

அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையினர் தாக்கி 10 காவலர்கள் உயிரிழந்த நாள் அது. ஒவ்வோர் ஆண்டும் அன்று, அதற்கு முந்தைய ஓராண்டில் பணியில் உயிர்நீத்தவர்களையும் நினைவுகூர்வார்கள். எல்லையில் குண்டு பட்டவரும், இரவில் சென்னை-பெங்களூரு சாலையில் லாரிகளை ஒழுங்குபடுத்தும்போது அடிபட்டவரும் எனக்குச் சமமான தியாகிகள்தான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? மாலையோடு நின்றுவிடாமல், இறந்த காவலரின் மனைவியோடு தாலுகா அலுவலகம்வரை துணைக்குப் போங்கள். அங்கே வாங்கும் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் ஓய்வூதியம் முதல் கருணை வேலை (இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்குத் தரும் அரசு வேலை) வரை எதுவும் எளிதில் நகராது. கருணை வேலைக்கு 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மோதிய வண்டியின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்டு, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போடச் சொல்லுங்கள். துக்கத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான்.