வேர்ப்புழுவுக்கு நூற்புழு: பகல் வெயிலில் தெளிக்கலாமா?

புல்தரையின் வேரைத் தின்னும் வேர்ப்புழுவைக் கொல்ல வாங்கிய நூற்புழுவை (நெமட்டோடு) மதியம் தெளித்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பகுதி செத்துப்போகும். காசு வீண்.

நூற்புழுக்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உயிர்கள். புற ஊதாக் கதிர் நேராகப் பட்டால் சில நிமிடங்களிலேயே சுருண்டுவிடும். மண் துகள்களைச் சுற்றியுள்ள ஈரப்படலத்தில் நீந்தித்தான் வேர்ப்புழுவைத் தேடிப் போகும். அந்த ஈரம் காய்ந்தால் நகரவே முடியாது. சூடும் ஆகாது. ஹெட்டரோராப்டிடிஸ் பாக்டீரியோஃபோரா என்ற நூற்புழு இனம் 20 முதல் 30 டிகிரி மண்ணில் நன்றாக வேலை செய்யும். ஸ்டெயினர்நீமா ஃபெல்டியே என்ற இனம் குளிர் மண்ணுக்கானது. நம் ஊர்ச் சூட்டுக்கு ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா பொருத்தம். கோயம்புத்தூரில் கிடைத்து 1992-இல் பெயரிடப்பட்ட இனம் அது!

சரி, எப்படித் தெளிப்பது? முதலில் புல்தரையை நனையுங்கள். பொழுது சாய்ந்தபின் தெளித்து, உடனே மறுபடி தண்ணீர் விடுங்கள். இலையில் ஒட்டியவை மண்ணுக்குள் இறங்கிவிடும். கரைத்த வாளியை வெயிலில் வைக்காதீர்கள், அடியில் தங்கிவிடும் என்பதால் அடிக்கடி கலக்குங்கள். அப்புறம் ஒன்றிரண்டு வாரம் மண் ஈரமாகவே இருக்கட்டும்.